பச்சை குத்திய கையும் காமாலைக் கணக்கெடுப்பும்

முன்பின் தெரியாதவர் வீட்டில், குழம்பு கொதிக்கிற நேரத்தில் நுழைந்து, பெற்ற பிள்ளைகூடக் கேட்காத கேள்வியைக் கேட்பதுதான் கணக்கெடுப்பு வேலை. கையில் டேப்லெட்டோடு படி ஏறி இறங்கியவர்களே, உங்களுக்குப் புரியும்.

நான் எம்.எஸ்சி. மாணவி. ஈரலைத் தாக்கிக் காமாலை வரவழைக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் திருவண்ணாமலையில் யாருக்கெல்லாம் தொற்ற வாய்ப்பு ஜாஸ்தி என்று பார்க்க எங்கள் துறை கிளம்பியது. ரேசர், ஊசி, பச்சை குத்தல் என்று ரத்தம் படுகிற சமாச்சாரமாகவே கேட்க வேண்டும். சம்மதித்தால் விரலில் குத்திச் சோதனை. கணக்கெடுப்பில் என் ஜோடி சுதா அக்கா, மூன்று மாத கர்ப்பம். போன தீபக் கூட்டத்தில், கிரிவலப் பாதைக் கடை ஒன்றில் ‘பாலு’ என்று வீட்டுக்காரர் பெயரைக் கையில் குத்திக்கொண்டவர். கடைக்காரன் ஊசியை மாற்றினானா என்று கேட்டால் முகம் வெளுத்துவிடும். கொளுத்துகிற வெயிலிலும் முழுக்கைச் சட்டை. டெஸ்ட் எடுங்கள் என்றால், “அப்புறம் பாத்துக்கலாம் பாப்பா.”

ஒரே ரேசர்

அடி அண்ணாமலையில் ஒரு பெரிய வீடு. அண்ணன், தம்பி, மகன்கள் எல்லோருக்கும் குளியலறையில் ஒரே ரேசர். எனக்கு வந்ததே கோபம்! ஒரே தட்டில் சாப்பிடுங்கள், ஒட்டாது. ரேசரில் காய்ந்த ஒரு பொட்டு ரத்தம் போதும் என்று பிரசங்கமே செய்தேன். வீட்டுப் பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “பாகம் பிரிக்காத குடும்பம்மா. நீ வந்து ரேசர்ல ஆரம்பிக்கிறியே!”

யார் கொண்டுவந்தது?

ரமணாசிரமம் பக்கம் அறை வாடகைக்கு விடுகிறவர் வாசலிலேயே மறித்தார். “எங்கள ஏம்மா கேக்கற? எல்லாம் இந்த வெள்ளைக்காரங்க கொண்டாறது. மாடில போய்க் கேளு.” நான் விடுவேனா? எந்த சலூன், பிளேடு மாற்றுகிறார்களா, தடுப்பூசி போட்டதுண்டா என்று நின்ற இடத்திலேயே சண்டைக்குப் போனேன். சத்தம் கேட்டு, பல வருஷமாக அங்கே குடியிருக்கும் ஜெர்மன் அம்மா இறங்கி வந்தார். பேச்சு சுத்தமான உள்ளூர் செங்கம் ரோடு தமிழ். “நான் மூணு ஊசியும் போட்டுட்டுதான் ஏரோப்ளேன் ஏறினேன். ஓனர் சார், நீங்க எத்தனை?”

முதல் கை

திரும்பும் வழியெல்லாம் சுதா அக்கா சிரித்தார். “நீங்க எத்தனைக்கா?” என்றேன். சிரிப்பு நின்றது. நோய் இருந்தாலும் தெரிந்துவிட்டால், குழந்தை பிறந்ததுமே ஊசி போட்டுக் காப்பாற்றப் பார்க்கலாம். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து என்று அன்றும் வாதாடினேன். ஒன்றும் ஏறவில்லை.

மறுநாள் பஸ் ஸ்டாண்டு பின்னால், பழக்கடை அம்மா ஒருவர். முழங்கை வரை பச்சை. அக்கா பச்சை பற்றிய கேள்வியை மட்டும் முணுமுணுத்துத் தாண்டப் பார்த்தார். டேப்லெட்டை நீட்டியபோது சட்டைக் கை ஏறி, உள்ளே குத்தியிருந்த ‘பாலு’ எட்டிப் பார்த்தார்.

“அட, நீயும் குத்திகினு இருக்கியே. டெஸ்ட் பண்ணிட்டியா?”

அக்கா சட்டைக் கையை இழுத்துவிட்டார். நான் அதிசயமாக வாயை மூடிக்கொண்டேன்.

அந்த அம்மா ஸ்டூலை நகர்த்திப் போட்டார். “நீ பயந்துகினு, என்னைக் குத்த வந்தியா? முதல்ல நீ கைய நீட்டு. அப்புறம் நான்.”

கால் மணி நேரம்

அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு நீட்டினார். சொன்ன சொல் தவறாமல் அந்த அம்மாவும் நீட்டினார். அவர் முடிவு அவருக்கு மட்டும். நான் போன் போட்டதில் பாலு அண்ணன் ஆட்டோவை ஓரங்கட்டக்கூடச் செய்யாமல் ஓடி வந்தார். அக்காவின் சோதனை அட்டையில் ஒரு கோடு விழுந்தது. இன்னொன்று விழுந்தால் நோய். அக்கா, அண்ணன், நான் மூவரும் கால் மணி நேரம் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றோம். விழவே இல்லை.

அக்கா முதல் வேலையாகச் சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிவிட்டார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பாத்தியா, என் பேரால உனக்கு ஒரு கெடுதலும் வரல” என்றார். அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “அடுத்து கொழந்த பேரக் குத்தலாம்னு மட்டும் வாயத் தொறந்துடாதீங்க.”

இத்தனை நாள் வாதாடி நான் ஒரு ரேசரைக்கூட ஜெயிக்கவில்லை என்றாலும், ஒரு பழக்கடை அம்மாவிடம் வாயை மூடிக்கொண்டு தோற்றதற்கு இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.