கல்லை விடாத கெளுத்திகள்

அன்றைக்கு ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு நல்ல தண்ணீர் கிடைத்திருக்கும். ஆனால் மீன் விஷயத்தில் என்னை மிஞ்ச மூணாறு மலையில் ஆளில்லை என்பது அந்த வயதில் என் தீர்மானம்.

எழுபதுகளில், மழை ஓய்ந்த சமயம். தேயிலைக்குத் துரிசு மருந்தடித்த டிரம்களை, நாங்கள் குடிக்க எடுக்கும் ஓடையில், எங்களுக்கு மேலேயே கழுவினார்கள். தண்ணீர் நீலம் பூத்து வந்தது. தங்கைக்கு வாந்தி நிற்கவில்லை. அம்மா முதுகுக் கூடையை இறக்காமலே சூப்பர்வைசரை ஓடைக்குக் கூட்டிவந்தாள்.

"பாருங்கய்யா, மீனெல்லாம் செத்து மெதக்குது. இதத்தான் எம்புள்ள குடிச்சிருக்கா. டிரம்ம எங்களுக்குக் கீழ கொண்டுபோய்க் கழுவச் சொல்லுங்க."

அவர் குடைமுனையால் ஒரு கெண்டைக் குஞ்சைப் புரட்டிப் பார்த்தார். முகம் கொஞ்சம் இறங்கியது. அப்போதுதான் இந்த மேதாவி வாய் திறந்தான்.

"கெளுத்தி சாகல சார்! அந்தா, கல்லப் புடிச்சிட்டு நிக்குது பாருங்க!"

எங்கள் ஓடைக் கெளுத்தி விரல் நீளம்தான். மார்புக்கு அடியில் பாவாடைக் கொசுவம் மாதிரி மடிப்புகள். அதை வைத்துப் பாறையைப் பற்றிவிட்டால், வெள்ளத்தில் கல்லோடு சேர்ந்து உருளுமே தவிர விடாது. இதையெல்லாம் மூச்சுவிடாமல் அவருக்கு விளக்கினேன்.

சூப்பர்வைசர் சிரித்தார். "கேட்டியாம்மா? ஒம்மவனே சாட்சி சொல்லிட்டான். மீனுக்கு ஆகுற தண்ணி ஒனக்கு ஆகாதாக்கும்?"

எனக்கு ஒரு மிட்டாய் வேறு தந்தார். தின்றேன். டிரம்கள் இடம் மாறவில்லை.

இப்போது அந்த மீன் அழிந்துவருகிறதாம், படித்தவர்கள் ஓடை ஓடையாகத் தேடுகிறார்களாம். வெயிலில் வைத்த பனிக்கட்டியா அது, தானாக அழிய? அழித்தார்கள் என்று சொல்ல ஒருவருக்கும் நாக்கு புரளவில்லை. அழித்தவர்கள் பக்கம் சாட்சி சொன்ன முதல் நிபுணர் நான்தான், அதுவும் ஒரு மிட்டாய்க்கு.

மறுநாள் காலை, துவண்டுபோன தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். ஓடையைக் கடக்கும்போது எட்டிப் பார்த்தேன். கெளுத்திகள் நேற்று நின்ற அதே கல்லில், செவுள்கூட அசையாமல், கண்ணில் வெள்ளை படிந்து நின்றன. என்ன பொறுமை என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"எம்மா, இன்னும் விடல பாத்தியா! கெட்டிக்கார மீனுல்ல?"

அம்மா திரும்பவேயில்லை.

"தொட்டுப் பாருலே."