காலி டிஸ்க்குக்குச் சந்தனப் பொட்டு

ஆயுத பூஜைக்கு வீட்டைச் சுத்தம் செய்ய வேண்டியதுதான். அதற்காக என் குரலையும் சேர்த்துக் கழுவி ஊற்ற வேண்டுமா? இன்றைக்கு நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

பின்தெருவில் பார்வையில்லாத ஒரு பெண் அரசு வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக வரலாற்றுப் பாடங்களை வாசித்துப் பதிவு செய்துகொண்டிருந்தேன். எங்கள் வீடு அண்ணனூர் ரயில் ஷெட்டுக்குப் பக்கம். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்தால், வாக்கியம் முடிகிற நேரம் பார்த்து ரயில்காரன் ஹாரன் அடிப்பான். மறுபடி முதலிலிருந்து. மன்னர் பெயரைத் தப்பாகச் சொன்னால் அந்தப் பெண் போன் போட்டுத் திட்டுவாள், அது வேறு.

பழைய கம்ப்யூட்டரில் மைக்கைப் பொருத்திக் கொடுத்தவன் என் கொழுந்தன். ஒவ்வொரு பாடத்தையும் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும் பிரதி எடுத்து வைப்பேன். அவள் போனில் இடமில்லை. கேட்டதை அழித்துவிட்டுத்தான் அடுத்ததை வாங்குவாள். தேர்வுக்கு முன் திருப்பிப் பார்க்க, எல்லாவற்றையும் மறுபடி அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

என் கணவருக்கு ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை. அங்கே பூஜைக்கு முன் மெஷினைச் சுற்றி ஒரு பழைய போல்ட்கூட விடாமல் ஒழித்துவிட்டுத்தான் பொட்டு வைப்பார்கள். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். நான் பொரி கடலையும் பூவும் வாங்கப் போயிருந்த நேரத்தில் அண்ணனும் தம்பியும் களத்தில் இறங்கிவிட்டார்கள். திரும்பி வந்தபோது கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் பளபளவென்று சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தன. நானும் மெச்சிக்கொண்டு கற்பூரம் காட்டினேன்.

பூஜையன்று எதையும் தொடக்கூடாது. மறுநாள் திறந்தால் கம்ப்யூட்டரில் ஒன்றும் இல்லை. டிஸ்க்கைச் செருகினேன். அதுவும் காலி.

"டிஸ்க்ல கீறதெல்லாம் கம்ப்யூட்டர்லயும் அப்படியே கீது. ஒண்ணுக்கு ரெண்டு எதுக்குன்னு அழிச்சேன்" என்றார் கணவர்.

கொழுந்தன் முகம் வெளுத்தது. "இன்னாண்ணே இப்டி பண்ட்ட! டிஸ்க்ல காப்பி கீதுன்னு அண்ணி சொல்லிகீறாங்களேன்னுதான் நான் கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணேன்."

ஒரே வீடு, ஒரே கூடம். ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைக் கேட்கலாம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவே இல்லை. முந்திரிக்கொட்டைகள்!

கொழுந்தன் இரண்டையும் தூக்கிக்கொண்டு அம்பத்தூரில் ஒரு கடைக்கு ஓடினான். துண்டும் துக்கடாவுமாக ஏதோ வந்தது. ஒரு பாடமும் முழுதாகத் தேறவில்லை.

"வுடு, வாய்தானே? மறுபடி பட்ச்சா போச்சு" என்றார் கணவர், பொரியை மென்றுகொண்டே.

எனக்கு வந்ததே கோபம். தொழிற்சாலையில் இவர் லேத்தில் கடைந்த ஒரு உருப்படியை யாராவது குப்பையில் போட்டுவிட்டு, கைதானே என்று சொல்லட்டுமே! பல மாதம் நான் வேர்வையில் உட்கார்ந்தது இவர்கள் கணக்கில் வேலையே இல்லை, பொழுதுபோகாமல் பேசிய பேச்சு.

அந்தப் பெண்ணுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். தேர்வு நெருங்கிவிட்டிருந்தது. நான் அழுதேவிட்டேன்.

"நீங்க எதுக்குக்கா அழுவுறீங்க? அழிச்சவங்களைப் படிக்கச் சொல்லுங்க. ஆளுக்குப் பாதி."

ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த கணவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. புத்தகத்தை அவர் மடியில் வைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். சட்டை நனைய ஒரு பாடத்தை முடித்துவிட்டு, ஏதோ போரை ஜெயித்தவர் மாதிரி வெளியே வந்தார். அதை அவளுக்கு அனுப்பினேன்.

சாப்பிட உட்காருவதற்குள் அவள் பதில் வந்துவிட்டது. அவருக்கும் கேட்கும்படி சத்தமாக வைத்தேன்.

"அண்ணன் ரொம்ப வேகமாப் படிக்கிறார்க்கா, ஒண்ணும் புரியல. இதை அழிச்சுட்டேன். மறுபடி முதல்லேர்ந்து படிக்கச் சொல்லுங்க."