தீர்த்தவாரிக்குக் காத்திருந்த பலகைக்காரர்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஒரு மாசிமகக் காலையில், சாமியோடு பதிகம் ஓதப் போயிருந்த கிளிஞ்சல்மேட்டுக் கடற்கரையில் அவரைக் கண்டேன். வெயிலில் சிவந்த முதுகு, உப்பேறிய தாடி, கக்கத்தில் ஆளைவிட நீண்ட பலகை. அலைமேல் நின்று வருவதற்காகவே ஊர் ஊராகச் சுற்றும் பிரெஞ்சுக்காரர். மாலைப் பேருந்தில் புறப்பட வேண்டியவர். கடலலையும் அன்று அழகாக மடிந்துகொண்டிருந்தது.

மீனவர் ஒருவர் அவரை மறித்து என்னிடம் சொன்னார்: “சாமி தீர்த்தமாடுற வரைக்கும் யாரும் எறங்கக்கூடாதுங்க. நீங்களே சொல்லுங்க ஐயா.”

என் பள்ளிக்கூடப் பிரெஞ்சில் எடுத்துரைத்தேன். அவர் சற்றுச் சிந்தித்து, “உங்கள் கடவுளுக்கு நீந்தத் தெரியுமா?” என்று வினவினார்.

அதை நான் தமிழில் சொல்லக் கேட்ட மீனவர் சிரிக்காமல் பதிலளித்தார்: “தெரியாதுங்க. அதனாலதான் நாங்களும் கூடவே எறங்குறோம்.”

அதையும் பெயர்த்துச் சொன்னேன். பிரெஞ்சுக்காரர் உரக்கச் சிரித்து மணலில் அமர்ந்தார். நல்ல அலை எழும்போதெல்லாம் கன்றைத் தடவுவதுபோல் பலகையைத் தடவிக்கொடுத்தார். என் வாய் பதிகம் ஓதியது. கண் அவரையே பார்த்தது.

பெருமான் எழுந்தருளி நீராடுவதற்குள் உச்சிப்பொழுது சாய்ந்தது. காற்று மாறி அலைகள் உருக்குலைந்துவிட்டன. “போயிற்றே” என்றேன், மனம் பொறாமல்.

“தண்ணீர் இருக்கிறதே” என்றவர், பலகையை மணலிலேயே விட்டுவிட்டுக் கூட்டத்தோடு கூட்டமாக மூழ்கி எழுந்தார்.

பின்பு நனையாத பலகையைத் தூக்கிக்கொண்டு, சீழ்க்கையடித்தபடி பேருந்துக்கு நடந்தார். அந்த நிறைவு அவருக்கு எங்கிருந்து வந்ததென்று பெருமானைத்தான் கேட்க வேண்டும்.