ஆறு மொட்டை சரியாக இருந்தது

என்னோடு வேலை பார்க்கும் கலைவாணி நேற்று போனில் ஒரு லொகேஷன் அனுப்பியிருந்தாள். திருவள்ளூரிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறவள், இங்கே திருப்பதிக்கே குடிவரப் போகிறாள். இடுப்பில் இரண்டு வயதுப் பிள்ளை. கீழே ஒரே ஒரு கேள்வி: "அக்கா, இந்தத் தெரு கொழந்தைங்களுக்கு சேஃபா? நாளைக்குள்ள சொல்லுங்க." கேட்டாளே, சரியான ஆளைப் பார்த்து! பதில் எழுதினேன், அழித்தேன். காய்ந்த துணியை மடித்தேன், மடித்ததையே உதறி மறுபடி மடித்தேன். உட்கார முடியவில்லை.

இந்த விஷயத்தில் ஒருகாலத்தில் நான் பெரிய கில்லாடி. பிச்சாட்டூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வேலைக்காக இங்கே வந்தபோது மகளுக்கு மூன்றரை வயது. வீடு பார்க்கப் போனால் வீட்டைப் பார்க்கவே மாட்டேன், தெருவைத்தான் பார்ப்பேன். சாக்கடைக்கு மூடி இருக்கிறதா, நாய்கள் எத்தனை, பள்ளிக்கூட ஆட்டோ என்ன வேகத்தில் திரும்புகிறது. காலையில் ஒரு நடை, விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு நடை. வீட்டுத் தரகர் என்னைக் கண்டாலே வேறு பக்கம் பார்த்துக்கொண்டு பேசுவார். போதாததற்கு ஊரிலிருந்து நைனா போனில் வருவார்: "தண்ணித் தொட்டிக்கு மூடி கீதா பாத்தியாமா? மாடிக்கு சொவுரு கீதா?" என்னவோ எங்களை அப்படிக் காத்து வளர்த்த மாதிரி. எங்கள் ஊரில் வரப்பு மட்டத்தில் வாயைத் திறந்துகொண்டு இரண்டு கிணறு கிடந்தது. நாங்கள் விழாமல் பிழைத்தது யாருடைய சாமர்த்தியமும் இல்லை.

பால்கனியில் நின்றால் சந்தன வாசனை. கீழ் வீட்டில் யாரோ பிள்ளைக்கு மொட்டை போட்டு வந்திருக்கிறார்கள். அந்த வாசனை மட்டும் எனக்கு இன்றுவரை ஆகாது. உள்ளே வந்து கதவைச் சாத்தினேன்.

மகளுக்கு மலையில் மொட்டை போட்டு இறங்கிய நாளில் தொடங்கியது அது. கணவருக்குத் தடா பக்கம் கம்பெனியில் ஷிஃப்ட், பஸ் ஏறிப் போய்விட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். லாட்ஜுகள் வரிசையாக இருந்த ஒரு தெருவில் வீடு காலியென்று தரகர் சொல்லியிருந்தார். எல்லாப் பரீட்சையிலும் பாஸான தெரு. ஒரே குறை, தினம் தினம் புது முகம். அதைப் பற்றி விசாரித்துவிட்டுப் போகலாமென்று பிள்ளையையும் இழுத்துக்கொண்டு போனேன். நனைந்த பாவாடையைக் கழற்றிவிட்டு அவளுக்கு ஒரு சட்டை டிரவுசர் மாட்டியிருந்தேன். தலை முழுக்கச் சந்தனம்.

தெருமுனையில் ரமணம்மா என்றொரு அம்மாள், மொட்டைத் தலைக்குப் போடும் தொப்பி விற்றுக்கொண்டிருந்தாள். அவளிடம் ஆரம்பித்தேன். ராத்திரியில் குடித்துவிட்டு வருவார்களா, வேன்கள் பின்னால் வரும்போது ஆள் இறங்கிப் பார்ப்பார்களா, பிள்ளைகள் வெளியே விளையாடலாமா. பக்கத்தில் ஒரு வேனில் யாத்ரீகக் குடும்பம் ஏறிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் மகள் என் கையை உதறினாள். கொஞ்சம் கழித்து சின்னக் கை ஒன்று வந்து என் விரலைப் பிடித்துக்கொண்டது. நான் குனிந்துகூடப் பார்க்காமல் அடுத்த கேள்விக்குப் போனேன்.

ரமணம்மா கீழே பார்த்தாள். "ஏம்மா, இது மீ பாப்பேனா, உங்க பாப்பாதானா? வரும்போது கால்ல கொலுசு இருந்துச்சே."

குனிந்தேன். மஞ்சள் மொட்டை, அதே உயரம். ஒரு பையன் என்னை அண்ணாந்து பார்த்தான். பார்த்ததும் உதடு பிதுங்கியது. வேன் போயிருந்தது.

"எம் பொண்ணு எங்க? ஐயோ, எம் பொண்ணு எங்க கீறா?" என்று நான் கத்தியது எனக்கே யாரோ கத்துவது போலக் கேட்டது. ரமணம்மா எனக்கு முன்னால் ஓடிவிட்டாள், தொப்பியெல்லாம் கீழே கொட்டிக் கிடந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் எங்களை அள்ளிப் போட்டுக்கொண்டார். "அழுவாதக்கா, சந்திரகிரி ரோட்லதான் போய்க்கினு இருப்பான், புட்ச்சிடலாம்." யாருடைய பிள்ளையோ என் மடியில், அழுது அழுது அவன் சந்தனம் முழுக்க என் புடவையில். ஒரு நிமிஷம் நான் அவனை அணைக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

பெட்ரோல் பங்கில் அந்த வேன் நின்றிருந்தது. ஜன்னலோரம் ஒரு பெரியம்மாள் மடியில் என் மகள், கையில் லட்டு, கன்னமெல்லாம் நெய். அழுகையின் அடையாளமே இல்லை. என்னைப் பார்த்து, ஏன் இவ்வளவு லேட் என்பது போல ஒரு சிரிப்பு. அந்த அம்மாள் பையனைப் பார்த்தாள், மடியைப் பார்த்தாள், வாயில் கையை வைத்துக்கொண்டாள்.

"எண்ணித்தானுங்க ஏத்துனேன். ஆறு மொட்டை சரியா இருந்துச்சுங்க."

அவளை அடிக்கத்தான் கை ஓங்கினேன். ஆனால் நான் எண்ணியதே ஒரே ஒரு மொட்டை. அதையே தப்பாக எண்ணியவள்.

திரும்பும்போது ரமணம்மா சொன்னாள்: "நா தலைய பாக்கறதே இல்லம்மா. எல்லாத் தலையும் ஒண்ணே. கால்தான் பாக்கறது." அந்த ஒரு ஜோடிக் கண் போதும், அந்தத் தெருவில் பத்துப் பிள்ளைகளை வளர்க்கலாம். அது அன்றைக்கே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் அந்தத் தெருவில் மறுபடி கால் வைக்க என்னால் முடியவில்லை. ஊருக்கு வெளியே கேட், வாட்ச்மேன், கேமரா எல்லாம் உள்ள இந்த அடுக்குமாடிக்கு வந்தோம். பஸ் ஸ்டாப் வரைக்கும் கையைப் பிடித்தே போனேன். பிறந்தநாள் வீடுகளுக்குக்கூட அனுப்பவில்லை. யார் எது கொடுத்தாலும் வாங்காதே, யாரையும் பார்த்துச் சிரிக்காதே என்று தினமும் சொன்னேன்.

அந்த லாட்ஜுகள் இப்போது இல்லை. இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கியிருக்கிறார்கள். ரமணம்மா எங்கே போனாள் என்று கேட்டால் சொல்ல அங்கே ஆளில்லை.

மகளுக்குப் பதினான்கு வயதாகிறது. போன வாரம் கேட்டுக்கு எதிரே உள்ள கடையில் கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னேன். செருப்பு மாட்டியவள் வாசலிலேயே நின்றாள். "அம்மா, அங்க புதுசா யாரோ உக்காந்துகினு கீறாங்க. நீயும் வாயேன்." நானும் போனேன். முன்பின் தெரியாதவள் மடியில் ஏறி உட்கார்ந்து லட்டு தின்ற அந்தக் குழந்தையைத்தான் காணோம். அவளைத் தொலைத்தது நான்தான்.