அப்பா கட்டிக்கொண்ட துண்டு

எழுபத்தாறாம் வருஷம், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த நாட்கள். பதுளைக்கு மேலே இருக்கிற ஒரு தேயிலைத் தோட்டத்தில், வேலையாட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லயத்து வீடுகளில் ஒன்று எங்களுடையது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரைக்கும் படித்துவிட்டுக் கொழுந்து பறிக்கப் போனவள் நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.

அம்மா காய்ச்சலில் இறந்து, அன்று கருமாதி. மொனராகலைப் பக்கம் இருக்கிற சின்னம்மாவுக்குச் செய்தி தாமதமாகத்தான் கிடைத்தது. வந்ததும் லயத்து வாசலிலேயே என்னைக் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார். தம்பிகள் பயந்துவிடக் கூடாதென்று அதுவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கி வைத்திருந்த நானும் வாயைத் திறந்து கத்தினேன். காதுக்கு முன்னால் ‘களுக்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு என் வாய் மூடவில்லை.

அழுகை நின்ற பிறகும் வாய் அப்படியே திறந்தபடி இருந்தது. எச்சில் வழிந்தது. பேச்சு வரவில்லை. வலியில் உயிர் போனது. ஆனால் சுற்றி நின்றவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள். அம்மாதான் என் மேல் வந்து இறங்கியிருக்கிறாள் என்று யாரோ சொல்ல, ஆளுக்கு ஆள் வேப்பிலை தேடினார்கள். புடவை வேண்டுமா, படையலில் ஏதாவது குறையா என்று சின்னம்மா என் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா, “வெத்தல வைக்க மறந்துட்டீங்கல்ல, அதான் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கிறா” என்று எல்லோரையும் ஏசிவிட்டு, ஒரு வெற்றிலையை மடித்து என் வாயில் வைக்கப் பார்த்தார்.

அப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முன்னால் குந்தினார். அம்மா போன நாளிலிருந்து அவர் யாரிடமும் சரியாகப் பேசியதில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

“என் மேல கோவமா புள்ள?”

அவர் கேட்டது என்னை இல்லை, அம்மாவை. இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். அவர் கையைப் பிடித்து என் காதுக்கு முன்னால் வைத்தேன். அந்த இடம் குழிந்து போயிருந்தது. விரலால் தடவிப் பார்த்தவர் எழுந்து, “இது அவ இல்ல, என் மகதான். இதுக்கு வலிக்குது” என்றார். தோட்டத்து லொறியைக் கெஞ்சிக் கேட்டு என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

டாக்டர் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, ஒரு தமிழ் நர்ஸ் எங்களுக்கு விளக்கினார். பேயும் இல்லை, பிசாசும் இல்லையாம். கீழ்த்தாடை எலும்பு காதுக்கு முன்னால் ஒரு குழியில்தான் உட்கார்ந்திருக்கிறது. வாயை அளவுக்கு மீறித் திறந்தால் சிலருக்கு அது நழுவி முன்னால் வந்து மாட்டிக்கொள்ளும். கொட்டாவி விட்டே இப்படி ஆகி வருகிறவர்கள் உண்டாம். நாள் கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டே இருந்தாலும் அந்தப் பொருத்துக்குக் கெடுதல்தானாம்.

டாக்டர் தன் கட்டைவிரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, என் கடைவாய்ப் பற்களின் மேல் வைத்துக் கீழே அமுக்கிப் பின்னால் தள்ளினார். வாய் மூடியது. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார்.

அதோடு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நர்ஸ் ஒரு நீளத் துணியை என் நாடிக்குக் கீழே கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட வந்தார். நான் தட்டிவிட்டேன். அம்மா இறந்த அன்று, வாய் திறந்துவிடாமல் இருக்க அப்படித்தான் கட்டினோம். கட்டியது நான். இன்னும் இறுக்கு, இன்னும் இறுக்கு என்று பெண்கள் சொல்லச் சொல்ல இறுக்கினேன். அம்மாவின் கன்னம் பிதுங்கியது. இதையெல்லாம் நர்ஸிடம் நான் சொல்லவில்லை. அவர் பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். கட்டாமல் விட்டால் மறுபடியும் நழுவும், அடிக்கடி நழுவினால் அதுவே வழக்கமாகிவிடும், பத்து நாளைக்குக் கட்டோடு இருந்து கஞ்சி மாதிரிதான் குடிக்க வேண்டும் என்றார். கட்டினார். நான் உருவி எறிந்தேன்.

அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அதைத் தன் நாடிக்குக் கீழே கொடுத்து, இழுத்து, உச்சியில் முடிச்சுப் போட்டுக்கொண்டார். காது இரண்டும் மடங்கி, பார்க்கவே வேடிக்கையாக இருந்தார். நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார். அப்பா என்னைப் பார்த்து “ம்” என்றார். நான் நர்ஸிடம் தலையைக் கொடுத்தேன்.

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“என்ன ஐயா, அப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே பல்லா வலிக்குது?”

“ஆமாங்க, பங்கு போட்டுக்கிட்டோம்” என்றார் அப்பா, பல்லுக்குள்ளேயே. அம்மா போன பிறகு அவர் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது.

மறுநாள் காலையில் அவர் அந்தத் துண்டோடேயே பெரட்டுக்குப் போய் வேலைக்குப் பேர் கொடுக்கிற வரிசையில் நின்றாராம். பாடையிலிருந்து இறங்கி வந்துவிட்டாயா என்று கங்காணி கேட்க, கூட நின்றவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். அப்பா அவிழ்க்கவில்லை. வீட்டில் சோறு இருந்தும் என்னோடு உட்கார்ந்து கஞ்சிதான் குடித்தார். சின்னத் தம்பி எங்களைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒரு துணி கட்டச் சொல்லி அழுதான்.

நர்ஸ் சொன்ன நாள் வந்ததும் அப்பாவே என் கட்டை அவிழ்த்தார். வாயைக் கொஞ்சமாகத் திறந்து மூடினேன். நழுவவில்லை. பிறகு தன் துண்டை அவிழ்த்தார். நாடிக்குக் கீழே தோல் சிவந்து தடம் விழுந்திருந்தது.

“நீ என்ன நெனச்சு உருவிப் போட்டேன்னு எனக்குத் தெரியும் புள்ள. நல்லா இறுக்கித்தான் கட்டிப் பாத்தேன். வலிக்கல. அவளுக்கும் வலிச்சிருக்காது.”

அந்தத் தடத்தைப் பார்த்தால் வலித்திருக்கும் என்றுதான் தோன்றியது. ஆனாலும் நான் நம்பினேன். அம்மாவை நினைத்து இப்போதும் அழுகிறேன், ஆனால் அந்த முடிச்சை நினைத்து அழுவதில்லை.