இரண்டாம் பக்கத்தில் இருந்த கையெழுத்து

ஆய்வகத்தில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள்; போகப் போக அதுவே மரியாதையாகிவிட்டது. இருபத்திரண்டு வருடமாகப் பயிர்நோய் ஆய்வகத்தில் இலை பார்ப்பது அவள் வேலை. மக்காச்சோளம், கோதுமை, நெல் என்று எந்தத் தானியப் பயிரின் இலை வந்தாலும் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒரு பார்வை பார்ப்பாள். சத்துக் குறைவால் வந்த மஞ்சளா, வைரஸால் வந்த மஞ்சளா என்ற சந்தேகத்தில் பாதி அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதியைக் கண்ணை நம்பிச் சொல்ல மாட்டாள். இலையை அரைத்துச் சாறெடுத்து, சோதனைத் தட்டின் சின்னச் சின்னக் குழிகளில் விட்டு, மருந்து சேர்த்துக் காத்திருப்பாள். வைரஸ் இருந்தால் அந்தக் குழி மஞ்சளாகும். இல்லாவிட்டால் தண்ணீர் மாதிரித் தெளிவாகக் கிடக்கும். ஒரு முறை மஞ்சளானால் போதாது, மறுமுறையும் ஆக வேண்டும். அப்புறம்தான் பேனாவைத் திறப்பாள். உறவுக்காரர் வீட்டுக்குப் போனால், "சௌக்கியமா" என்று கேட்பதற்கு முன்னால் அவர்கள் வீட்டுத் தொட்டிச் செடியின் இலையைத் திருப்பிப் பார்த்துவிடுவாள் என்று அவள் தம்பி எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பான்.

ஆய்வகத் தலைவியும் அவளும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். முதல் ஐந்து வருடம் ஒரே நுண்ணோக்கியை முறை வைத்துப் பார்த்தார்கள். பிறகு தலைவி மேலே படித்தாள், பதவி வந்தது. நாலு பேர் முன்னால் "மேடம்", தனியாக இருக்கும்போது "வாடி, போடி" என்று நட்பு அப்படியே ஓடியது. பூதக்கண்ணாடியின் கணவர் பக்கவாதம் வந்து நாற்பது நாள் மருத்துவமனையில் கிடந்தபோது ஒரு நாள் தவறாமல் வந்து போனவள் தலைவிதான். கூடப் பிறந்தவளாக இருந்தாலும் இதற்கு மேல் செய்திருக்க முடியாது என்று பூதக்கண்ணாடியே சொல்லியிருக்கிறாள்.

விதைப்புக்கு இரண்டு மாதம் இருக்கும்போது ஒரு விதை நிறுவனம் மக்காச்சோள விதையைச் சோதனைக்கு அனுப்பியது. அவள் நானூறு விதைகளைப் பூச்சி நுழையாத வலைக்கூண்டுக்குள் முளைக்கப் போட்டாள். முளைத்த நாற்றுகளைப் பத்துப் பத்தாகச் சேர்த்து அரைத்து நாற்பது குழிகளில் விட்டாள். மூன்று குழிகள் மஞ்சளாயின. மறுபடி செய்தாள், அதே மூன்று. வைரஸின் மரபுக்கூற்றைப் பெருக்கிப் பார்க்கும் சோதனையும் அதையே சொன்னது. விதை வழியே பரவும் வைரஸ். தனியாக வந்தால் இலையை லேசாக வெளுக்க வைக்கும், அவ்வளவுதான். ஆனால் அசுவினிப் பூச்சி கொண்டுவரும் இன்னொரு வைரஸ் அதே செடியில் வந்து சேர்ந்தால் செடி நிற்காது.

"இந்த விதையை விற்பனைக்கு விடக்கூடாது" என்று முதல் பக்கத்தில் முடிவை எழுதினாள். சோதனை செய்த முறையை இரண்டாம் பக்கத்தில் எழுதி, அதன் அடியில் கையெழுத்துப் போட்டுத் தலைவியின் மேசையில் வைத்தாள். மறுநாள் கணவரைப் பரிசோதனைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்ததால் நான்கு நாள் விடுப்பு. திரும்பி வந்து கேட்டபோது, "அதெல்லாம் அனுப்பியாச்சுடி" என்றாள் தலைவி. அனுப்பியதென்னவோ உண்மைதான்.

விதைத்து ஏழு வாரம் கழித்துத் தம்பி ஆய்வகத்துக்கே வந்தான். அவனுக்கு நான்கு ஏக்கர் நிலம், முழுக்க மக்காச்சோளம். ஈரத் துணியில் சுற்றிய நாலைந்து இலைகளை அவள் மேசையில் வைத்தான். ஓரத்திலிருந்து உள்நோக்கிக் காய்ந்த இலைகள். நடுக்குருத்து கருகிக் கையோடு வந்தது. சன்னல் பக்கம் ஒரு தடவை தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு நேரே சாறெடுக்கப் போனாள். அன்று மதியத்துக்குள் தட்டு பதில் சொல்லிவிட்டது: இரண்டு வைரஸும் இருந்தன.

எந்த விதை என்று கேட்டாள். தம்பி கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். விதைக்கடைச் சுவரில் ஒட்டியிருந்த சோதனை அறிக்கை. முதல் பக்கத்தில், "கொடுத்த மாதிரியில் வைரஸ் தென்படவில்லை." இரண்டாம் பக்கத்தின் அடியில் அவள் கையெழுத்து.

"வாங்கறதுக்கு முன்னாடி என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

"உன் கையெழுத்தே இருக்கு. அப்புறம் உன்னை எதுக்குக்கா கேக்கணும்?" என்றான் தம்பி. குரலை உயர்த்தவில்லை. "நான் விதையை நம்பி வாங்கல. உன்னை நம்பித்தான் வாங்கினேன்."

முதல் பக்கம் தான் எழுதியது இல்லை என்று அவள் சொன்னாள். அவன் கேட்டுக்கொண்டான். நம்பினானா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. துணியை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தலைவியின் அறைக்குப் போனாள். கத்த வேண்டும் என்றுதான் போனாள். உள்ளே போனதும், "முதல் பக்கத்தை மாத்தினது நீயா?" என்று மட்டும் கேட்டாள். தலைவி மறைக்கவில்லை. ஆய்வகத்தை மூடிவிடலாம் என்று மேலிடத்தில் பேச்சு அடிபட்டதாம். அந்த நிறுவனம் புதுக் கருவிகள் தருவதாகச் சொன்னதாம். கருவிகள் வந்தால் ஆய்வகம் பிழைக்கும், பதினோரு பேர் வேலை பிழைக்கும்.

"நாற்பதுல மூணே குழி. இலை கொஞ்சம் வெளுத்துட்டுப் போயிடும்னு நெனைச்சேன். அசுவினி இந்த வருஷம் இவ்வளவு வரும்னு யாருக்குத் தெரியும்?"

"உனக்குத் தெரியும். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் உனக்கும் தெரியும்" என்றாள் அவள். பிறகு கேட்டாள்: "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா நீ கையெழுத்தைக் கிழிச்சிருப்பே. அதனாலதான் சொல்லல."

அவளுக்கு வலித்தது அந்தப் பதில்தான். தன்னைத் தெரியாத ஒருத்தி ஏமாற்றியிருந்தால் வேறு. இவள் தன்னை உள்ளும் புறமும் அறிந்தவள். தோழி எங்கே மடங்க மாட்டாள் என்று தெரிந்து, அந்த இடத்தைச் சுற்றிப் போயிருக்கிறாள்.

ஒரு வாரம் யோசித்தாள். மருத்துவமனையின் அந்த நாற்பது நாளும் கண் முன்னால் வந்து நின்றன. வீட்டில் கணவர் கேட்டுவிட்டு, "நன்றி வேற, சாட்சி வேற" என்றார், வாய் கோணிய பேச்சில். எட்டாம் நாள் மேலிடத்துக்கு எழுதினாள். அரைத்த நாற்றுச் சாற்றில் மிச்சத்தைக் குளிர்பெட்டியில் தேதி எழுதிப் பைகளில் வைத்திருந்தாள். தட்டைப் படிக்கும் கருவியும் அன்றைய அளவுகளைப் பதிந்து வைத்திருந்தது. இன்னோர் ஆய்வகம் அந்தப் பைகளைச் சோதித்தது. அங்கேயும் அதே மூன்று.

உண்மை வெளியே வந்தது. வந்து யாருக்கும் இனிக்கவில்லை. விதை திரும்பப் பெறப்பட்டது, ஆனால் முக்கால்வாசி மண்ணுக்குள் போயிருந்தது. நோய் கண்ட செடிகளைப் பிடுங்கி அழிக்கச் சொன்னார்கள். அடுத்த பருவம் மக்காச்சோளமே போடக்கூடாது என்றார்கள். தலைவியை வேலையை விட்டு நீக்கினார்கள். முதல் பக்கத்தில் கையெழுத்திடாமல் விட்டது கவனக்குறைவு என்று இவளுக்கும் ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆறு மாதத்தில் ஆய்வகம் மூடப்பட்டு, எல்லாரையும் வெவ்வேறு இடங்களுக்குப் பிரித்துப் போட்டார்கள். கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் கடைசி மாதம் முழுக்க அவள் மேசைப் பக்கம் வரவில்லை. பொய் எழுதியவளை விட்டுவிட்டு, எடுத்துச் சொன்னவளிடம்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

தம்பி அந்த வயலில் பயறு போட்டான். ஒரு பருவம் முழுக்கப் பேசவில்லை. தம்பி மனைவிதான் அவ்வப்போது கூப்பிட்டாள். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வயல் கோதுமை இலையோடு தானே வந்தான். வாசலிலேயே நின்றான். அவள் பார்த்து, இது வைரஸ் இல்லை, சத்துக் குறைவு மாதிரித்தான் தெரிகிறது, எதற்கும் சோதித்து எழுதித் தருகிறேன் என்றாள்.

"தாள் வேணாங்கா" என்றான். "பாத்துட்டு வாயால சொல்லு, போதும்."

உள்ளே வரச் சொன்னாள். கொஞ்சம் தயங்கிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

இப்போது அவள் வேலை பார்ப்பது ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கும் இன்னோர் ஆய்வகத்தில். அங்கே யாருக்கும் அவள் பட்டப்பெயர் தெரியாது. போன வாரம் ஒரு கோதுமை இலை வந்தது. இதுவரை பார்த்திராத விதமாகக் கோடு கோடாக வெளுத்திருந்தது. உடனே அவள் கை கைபேசியை எடுத்துத் தலைவியின் எண்ணைத் தேடியது. இந்த மாதிரி இலையைப் பார்த்தால் தலைவி அளவுக்கு யாரும் சந்தோஷப்பட மாட்டார்கள். எண் கண்ணில் பட்ட பிறகுதான் நடந்ததெல்லாம் நினைவு வந்தது. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, இலையை அரைக்கப் போனாள்.