ஆயிரம் மைலுக்கு ஒரு முத்திரை

இரண்டாம் உலகப் போர் ஆரம்பிப்பதற்கு ஓரிரு வருடங்களுக்கு முன்பு, புதுக்கோட்டை டவுனில் நடந்தது இது. அப்போது புதுக்கோட்டை தனிச் சமஸ்தானம். கார் விற்கும் ஏஜென்சி ஒன்றில் எனக்கு சர்வீஸ் கிளார்க் வேலை. முன்னால் கண்ணாடி போட்ட கடை, பின்னால் தகரக் கொட்டகையில் ஒர்க்‌ஷாப். எனக்கு இருபத்து நான்கு வயது. இன்டர்மீடியட் படித்திருந்தேன். இங்கிலீஷில் கடிதம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எனக்கே ஒரு நினைப்பு உண்டு.

புதுக் கார் வாங்குகிறவர்களுக்கு ஒரு வருடம் இலவச சர்வீஸ். அதற்கென்று காரோடு சின்னப் புத்தகம் ஒன்று கொடுப்போம். ஆயிரம் மைல் ஓடியதும் காரைக் கொண்டுவந்தால், ஃபிட்டர் அடியில் படுத்து கிரீஸ் ஏற்றி ஆயில் மாற்றுவார். நான் புத்தகத்தில் முத்திரை குத்திக் கையெழுத்துப் போடுவேன். முத்திரை இருந்தால்தான் பின்னால் ஏதாவது பழுது வந்தால் கம்பெனி பொறுப்பேற்கும். வெளியாள் யாராவது கிரீஸ் ஏற்றினால் அந்தப் பொறுப்பும் போய்விடும். சர்வீஸ் நடக்கும்போது டிரைவர்கள் கொட்டகைக்குள் வரக் கூடாது என்பது எங்கள் மேனேஜர் போட்ட சட்டம்.

திருமயத்துக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு செட்டியார் வீட்டு ஆச்சி எங்களிடம் கார் வாங்கியிருந்தார். கணவர் ரங்கூனில் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். வீடு, நிலம், காரியம் எல்லாம் ஆச்சி பொறுப்பு. நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அது ஒன்றுதான் கார் என்பதால், பிரசவத்தில் சிக்கல் என்றால் எந்தத் தெருவிலிருந்தும் ஆள் ஓடி வந்து அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டும். ஆச்சியும் யார் எவர் என்று கேட்காமல் காரை அனுப்பிவிடுவார்.

அவருடைய டிரைவர் ஒருநாள் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். மைல் காட்டும் கருவியைப் பார்த்தேன். போன சர்வீசுக்குப் பிறகு அறுநூறு மைல்தான் ஓடியிருந்தது.

"சார், ஸ்டேரிங் இறுகுது. எங்க பக்கம் பூராச் செம்மண் ரோடு. புழுதி அப்பிக்கிருது. கிரீஸ் மட்டும் அடிச்சு விடுங்க, போதும்" என்றார்.

"ஆயிரம் ஆகட்டும்" என்றேன்.

"புத்தகத்துல ஒரு சர்வீஸ் சீட்டக் கிழிச்சுக்கிட்டாலும் சரி சார்."

"திட்டத்துல அதுக்கு எடமில்ல" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். அவர் காரைத் திருப்பிக்கொண்டு போனார்.

நாலு நாளில் ஆச்சியிடமிருந்து தமிழில் ஒரு கடிதம் வந்தது. சாலை எப்படியோ அதற்குத் தக்கபடிதான் சர்வீசும் இருக்க வேண்டும், கணக்குப் பார்க்காமல் செய்து தரவும் என்று இரண்டு மூன்று வரி. நான் இங்கிலீஷில் ஒரு பக்கம் பதில் எழுதினேன். இந்தக் காரைச் செய்தவர்களுக்கு இல்லாத அக்கறை உங்களுக்கு வேண்டாம் என்பதைத்தான் மிக மரியாதையான வார்த்தைகளில் சொல்லியிருந்தேன். மேனேஜர் படித்துவிட்டுத் தட்டிக் கொடுத்தார். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆயிரம் மைல் ஆனதும், நான் சொன்னபடி டிரைவர் வந்தார். ஆனால் அந்தச் சமயம் கிரீஸ் ஏற்றுகிற எங்கள் கிரீஸ் கன் ரிப்பேராகி மூன்று வாரம் ஆகியிருந்தது. சென்னையிலிருந்து சாமான் வர வேண்டும். வருகிறவர்களைத் திருப்பி அனுப்பினால் கடைப் பேர் கெட்டுவிடும், ஆயிலை மட்டும் மாற்றி முத்திரை குத்தி அனுப்பு, அடுத்த தடவை சேர்த்து ஏற்றிக்கொள்ளலாம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ஐந்தாறு கார்களுக்கு அப்படித்தான் குத்தியிருந்தேன். ஆச்சி காருக்கும் குத்தினேன்.

மறுநாள் காலையிலேயே அது நடந்துவிட்டது. வலி கண்டு இரண்டு நாளாகத் தவித்த ஒரு பெண்ணையும் அவளுடைய தாயையும் ஏற்றிக்கொண்டு டிரைவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியிருக்கிறார். கண்மாய்க் கரைமேல் ஒரு வளைவு. ஸ்டேரிங் திரும்பவே இல்லை. கார் கரையிலிருந்து சரிந்து ஒரு கருவேல மரத்தில் முட்டி நின்றது. மரம் மட்டும் இல்லையென்றால் உருண்டிருக்கும். டிரைவருக்கு இடது கை ஒடிந்துவிட்டது. அந்தக் கையோடு ஓடிப்போய் வயலில் நின்ற ஒரு மாட்டு வண்டியைப் பிடித்துவந்து, அந்தப் பெண்ணை ஏற்றி, கூடவே நடந்து திருமயம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார். தாயும் பிள்ளையும் பிழைத்துக்கொண்டார்கள்.

சேதி எங்களுக்கு வந்தபோது ஃபிட்டர் என் முகத்தைப் பார்த்தார். நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

காரை மாடு கட்டி இழுத்துக்கொண்டு வந்து எங்கள் கொட்டகையில் நிறுத்தினார்கள். போலீஸ் இன்ஸ்பெக்டர், விபத்துக்கு என்ன காரணம் என்று ஏஜென்சியிடம் எழுத்தில் கேட்டார். டிரைவர்மேல் தப்பு என்றால் லைசென்ஸ் ரத்து. அதற்கப்புறம் அவரை யார் ஸ்டேரிங்கைத் தொட விடுவார்கள்? மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "முதல் நாள்தான் சர்வீஸ் ஆயிருக்கு, முத்திரை இருக்கு. டிரைவர் கவனக்குறைவுன்னு எழுது" என்றார்.

எழுதினேன். இதை மறைக்காமல் சொல்லத்தான் இத்தனையும் சொல்கிறேன். எல்லாம் தெரிந்துதான் எழுதினேன். நல்ல இங்கிலீஷில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். படித்துவிட்டு ஒன்றரை வருடம் வேலையில்லாமல் திரிந்தவன் நான். அந்த நாற்காலியை விட மனம் வரவில்லை.

ஒரு வாரம் கழித்து, முற்பகலில், இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வந்தார். ஆச்சியும் வில்வண்டியில் வந்து இறங்கினார். கூடவே, கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய டிரைவர். ஆச்சி சண்டை போடப் போகிறார் என்று நாங்கள் தயாராக இருந்தோம். அவர் நாற்காலியில்கூட உட்காரவில்லை. கார் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, இடுப்பில் செருகியிருந்த அந்தச் சின்னப் புத்தகத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"தம்பி, நீங்க எழுதுன கடுதாசிய எங்க ஊரு வாத்தியாரு படிச்சுச் சொன்னாரு. அப்பவே இந்தப் புத்தகத்தையும் ஒரு வரி விடாமப் படிக்கச் சொல்லிட்டேன். மடிச்சு வச்சிருக்க பக்கத்த இன்ஸ்பெக்டரய்யாவுக்கு நீங்களே படிச்சுச் சொல்லுங்க."

அந்தப் பக்கத்தின் கடைசியில் பொடி எழுத்தில் இரண்டு வரி. புழுதி நிறைந்த சாலைகளில் ஓடும் கார்களுக்கு, ஆயிரம் மைல் வரை காத்திராமல் அதில் பாதி தூரத்திலேயே கிரீஸ் ஏற்ற வேண்டும்.

எத்தனையோ பேருக்கு அந்தப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தவன் நான். அந்த வரிகளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் படித்தேன். இங்கிலீஷ் தெரியாத ஒருவர் முன்னால், என் குரலில், தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. காது இரண்டும் சூடேறிவிட்டது.

மேனேஜர் குறுக்கிட்டார். "அது பொதுவாப் போடுறது. எப்படி இருந்தாலும் முதல் நாள் கிரீஸ் ஏத்தியாச்சே. முத்திரை இருக்கு பாருங்க."

ஆச்சி டிரைவரைப் பார்த்தார். டிரைவர் காருக்கு அடியில் குனிந்து நல்ல கையால் சுட்டிக் காட்டினார். கிரீஸ் ஏற்றும் வாய் ஒவ்வொன்றுக்கும் அவர் ஒரு துணிக் குல்லா போட்டிருந்தார். புழுதி புகாமல் இருக்க, ஆச்சியின் பழைய கண்டாங்கிச் சேலையைக் கிழித்து, கோணி ஊசியால் சுற்றிலும் தைத்தது. அறுக்காமல் அதைக் கழற்ற முடியாது. முன்னே சர்வீஸ் ஆன ஒவ்வொரு தடவையும் ஃபிட்டர் அறுத்துப் போடுவார், டிரைவர் வீட்டுக்குப் போய்ப் புதிதாகத் தைத்துக்கொள்வார். இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி, கொட்டகை ஓரத்தில் இருந்த என் மேசைமேல் வைத்துவிட்டுத் தானே குனிந்து பார்த்தார். ஒரு நூல் அறுபடவில்லை. சேறு காய்ந்து ஓடாக ஒட்டியிருந்தது.

மேனேஜர் அசரவில்லை. "சர்வீஸ் முடிஞ்சு வீட்டுக்குப் போய் இவரே மறுபடி தைச்சிருக்கலாமே? அதுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?"

"சத்தியமா இல்லீங்க. வீட்டுக்குப் போயிச் சேரவே இருட்டிருச்சு. விடிஞ்சதும் பாப்போம்னு இருந்தேன், அதுக்குள்ள வந்து கூப்பிட்டுட்டாக" என்றார் டிரைவர்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். எதை நம்புவது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போதுதான் ஆச்சி என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, முத்திரை ஒங்களுது. கிரீஸ் ஏறுனத நீங்க பாத்தீங்களா?"

அவ்வளவுதான் கேட்டார். மிரட்டலோ நக்கலோ அந்தக் குரலில் இல்லை. நான் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அதையும் அப்படியே ஏற்றுக்கொண்டு வண்டி ஏறியிருப்பார் என்று தோன்றியது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மேனேஜரின் கண் என் கழுத்துமேல் இருப்பது தெரிந்தது. டிரைவரின் பத்தை கட்டிய கை மட்டும் எதிரே தெரிந்தது.

"இல்லீங்க ஆச்சி" என்றேன். "கிரீஸ் கன் மூணு வாரமா ரிப்பேரு. அன்னைக்கு யாருக்குமே அடிக்கல. தெரிஞ்சுதான் முத்திரை குத்துனேன்."

இன்ஸ்பெக்டர் ஒரு தாளை நகர்த்தி, "எழுதிக் குடுங்க. தமிழ்லயே எழுதுங்க" என்றார். எழுதிக் கொடுத்தேன். அதில் மூன்று இடத்தில் அடித்தல் திருத்தல்.

இன்ஸ்பெக்டர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டதுமே மேனேஜர், "நாளையிலேருந்து நீ வர வேண்டாம்" என்றார்.

ஆச்சி இரண்டு அடி முன்னால் வந்தார். "மேனேஜரய்யா, இந்தக் கொட்டகையில நான் கேட்டதுக்கு நெசத்தச் சொன்னது இவரு ஒருத்தருதான். இவரையும் அனுப்பிட்டீங்கன்னா அடுத்த தடவ நான் யாருகிட்ட வந்து கேக்குறது?"

மேனேஜர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டர் தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு மேனேஜர் சற்று இறங்கி வந்து, காரை முழுசாகச் சரி செய்து தருகிறோம், இலவச சர்வீசை இன்னும் ஒரு வருடம் நீட்டித் தருகிறோம் என்று ஆரம்பித்தார்.

"எங்காரச் சரி பண்ணித்தான் ஆகணும். அத விடுங்க" என்றார் ஆச்சி. "இந்த மூணு வாரத்துல முத்திரை குத்துன மத்தக் காரெல்லாம் இப்ப ரோட்டுல ஓடிக்கிட்டிருக்கே. அதுல யாரு உக்காந்திருக்காகளோ. அதுகளக் கூப்பிட்டு மொதல்ல கிரீஸ் ஏத்துங்க. இனிமே எல்லாப் புத்தகத்துலயும் ஆயிரத்த அடிச்சுட்டு ஐந்நூறுன்னு எழுதுங்க. டிரைவருமார உள்ள விடுங்க."

மற்றவர்களின் கார்கள்! அந்த ஒரு வாரமும் என் வேலையைப் பற்றி நினைத்தேன், போலீசைப் பற்றி நினைத்தேன், ராத்தூக்கம் இல்லாமல் கிடந்தேன். ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கார்களைப் பற்றி ஒரு நிமிடம்கூட நான் நினைக்கவில்லை. சொந்தக் கார் நொறுங்கி நின்ற இடத்தில் நின்றுகொண்டு அவர் நினைத்தார்.

மேனேஜர் ஒத்துக்கொண்டார். மறுநாளே நான் கிளம்பினேன். விராலிமலைக்கு ஒரு பஸ், அங்கிருந்து சைக்கிள். இன்னொரு நாள் கிழக்கே சமஸ்தான எல்லை தாண்டி, கட்டுமாவடியில் ஒரு மீன் வியாபாரி வீடு வரை போனேன். ஒவ்வொரு வாசலிலும் நின்று, செய்யாத வேலைக்கு முத்திரை குத்திவிட்டேன், காரை எடுக்காதீர்கள், ஃபிட்டர் வருகிறார் என்று சொன்னேன். சிலர் திட்டினார்கள். மீன் வியாபாரி திட்டி முடித்துவிட்டு மோர் கொடுத்தார். ஒரு கார்கூட இடையில் விபத்துக்கு ஆளாகவில்லை என்று தெரிந்தபோது, பஸ்ஸில் உட்கார்ந்தே அழுதுவிட்டேன்.

டிரைவருக்கு லைசென்ஸ் தப்பியது. என் வேலையும் தப்பியது. இரண்டு மாதம் கழித்து, சரியாக ஐந்நூறு மைலில், ஆச்சியின் கார் சர்வீசுக்கு வந்தது. கை கூடிய டிரைவர்தான் ஓட்டி வந்தார். பின்னால் ஆச்சி. நான் ஓடிப்போய்க் கதவைத் திறந்து, "உள்ள வந்து நின்னு பாருங்க ஆச்சி, இப்பல்லாம் எல்லாரையும் விடுறோம்" என்றேன்.

"நீங்க பாத்துக்கிடுவீங்கல்ல தம்பி" என்றார். "கடைத்தெருவுல கொஞ்சம் வேல இருக்கு, இவரையும் கூட்டிக்கிட்டுப் போயிட்டு வாரேன்."

டிரைவரையும் அழைத்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து போய்விட்டார். என்னைச் சந்தேகப்பட அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. நான் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, ஃபிட்டரோடு காருக்கு அடியில் படுத்தேன்.

அதற்குப் பிறகு எத்தனையோ பேர் என்னை நல்லவன் என்று சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பொய் சொல்லிப் பிடிபட்ட ஒருவனிடம் தன் காரை விட்டுவிட்டு அன்று நிம்மதியாக நடந்து போன அந்த ஆச்சியின் முதுகைப் பார்த்தபோதுதான், இனிமேலாவது நல்லவனாக இருந்துவிட என்னால் முடியும் என்று எனக்கே நம்பிக்கை வந்தது.